சிவப்புக் கையும் பஸ் துண்டும்

எழுபதுகளில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகர மாணவர் விடுதியில் என்னோடு சமையலறையைப் பகிர்ந்த இருவரும் அயர்லாந்தின் அல்ஸ்டர் மாகாணத்துக்காரர்கள். ஒருவன் அந்த மண்ணின் பழங்குடிக் கத்தோலிக்கன், மற்றவன் பிரிட்டனிலிருந்து வந்து குடியேறியவர்கள் வழிவந்த புராட்டஸ்டண்ட். இருந்தது ஒரே அடுப்பு. யாருக்கு முதலில் என்று ஆரம்பித்து முந்நூறு வருஷச் சண்டைக்குப் போய்விடுவார்கள். நான் பசியோடு நிற்பேன்.

அல்ஸ்டர் கொடியில் இருக்கும் சிவப்புக் கையின் கதையில் மட்டும் இருவரும் ஒன்று. படகுப் போட்டியில் எவன் கை முதலில் கரையைத் தொடுகிறதோ அவனுக்கே அல்ஸ்டர். பின்தங்கியவன் தன் கையை வெட்டிக் கரையில் வீசி ராஜாவானானாம்.

"கையை எதுக்குடா வெட்டணும்? எங்க ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியா துண்டைப் போட்டாலே சீட் நமக்குத்தான்" என்றேன்.

"ஏற்கெனவே ஒருத்தர் உட்கார்ந்திருந்தால்?" என்றான் கத்தோலிக்கன்.

"துண்டு போட்டவன் உட்கார்ந்து இத்தனை காலமான பிறகு எழுப்ப முடியுமா?" என்று சீறினான் மற்றவன்.

அவர்கள் கத்திக்கொண்டிருக்க, காலியாகக் கிடந்த அடுப்பின்மேல் என் துண்டைப் போட்டேன்.