இரணியல் மதியக் கொடையில் ஒரு சந்தேகக்காரன்

வீடியோவை நம்பி யாரையும் மேடையேற்றக் கூடாது என்பது என் கொள்கை. எங்கள் சென்னைக் கல்லூரி விழாவுக்கு ஒரே ஒரு நாட்டுப்புற ஆட்டக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. குமரி மாவட்டத்துக் கணியான் கூத்துக் குழு ஒன்று அனுப்பிய வீடியோ அளவுக்கு மீறி நன்றாக இருந்தது. அதுதான் உறுத்தியது. வேறு யாரையாவது ஆடவைத்து எடுத்திருப்பார்களோ? இரணியல் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் ஆடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், சித்திரை மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினேன். நான் வேண்டாம் என்று எழுதினால் அவர்கள் வாய்ப்பு அதோடு முடிந்தது.

நாகர்கோவில் வடசேரியில் காலை 9.40க்குப் பேருந்து. தக்கலைக்கு 16 கிலோமீட்டர், 17 ரூபாய், முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவுக்கு 120 ரூபாய். சுற்றிக்கொண்டு போகிறாரோ என்று மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"கொடை பாக்கவாக்கும் போறிய? மேப்பு எதுக்கு சார், கொட்டுச் சத்தம் கேக்குல்லா."

பதினொன்றரைக்கு ஆட்டம் தொடங்கியது. குழுத் தலைவரான அண்ணாவி பாட, இருவர் மகுடம் என்ற தோல் வாத்தியத்தைக் கொட்ட, சேலை கட்டிய இரண்டு ஆண்கள் சலங்கையோடு ஆடினார்கள். எதிரே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். ஆட்டம் பார்க்க எனக்கு ஒரு முறை உண்டு: முதல் பத்து நிமிடம் கால், அடுத்து கை, கடைசியில் முகம். கால் தாளம் தப்பவில்லை. முகத்துக்கு வந்தபோதுதான் சிக்கல். இருவரும் எனக்கு முதுகைக் காட்டியே ஆடினார்கள். 'பார்வையாளரோடு தொடர்பே இல்லை, முகத்தை மறைக்கிறார்கள்' என்று எழுதினேன். ஆள்மாறாட்டமேதான் என்று முடிவு கட்டி, முகத்தைப் பார்க்க எழுந்து சுற்றிப்போய் முன்னால் நின்றேன்.

வீடியோவில் பார்த்த அதே ஆட்கள்தான். ஆனால் கொட்டு நின்றுவிட்டது.

"சாரே, அங்க நிக்கப்பிடாது. சாமி பாக்குல்லா, மறையும்" என்றார் ஓரத்தில் இருந்த ஓர் அக்கா. திரும்பினால் என் முதுகுக்குப் பின்னால் சன்னதி. காது சூடாகிவிட்டது. அக்கா தன் பாயில் நகர்ந்து இடம் கொடுத்தார்.

பக்கவாட்டில் இருந்து பார்த்தபோது ஆட்டமே வேறாகத் தெரிந்தது. வீடியோவில் பெரிதாக வீசிய கைகள் இங்கே அடங்கியிருந்தன. பாட்டில் சாமிக்குக் கோபம் வந்தபோது மூத்த ஆட்டக்காரர் சன்னதியைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார், கொஞ்சம் கேலியும் செய்தார். பொய்யாக இருந்தது வீடியோதான்.

ஒன்றேகாலுக்குச் சாப்பாட்டு இடைவேளை. அந்த மூத்தவரிடம், "வீடியோவில் மட்டும் ஏன் எங்களைப் பார்த்து ஆடினீர்கள்?" என்று கேட்டேன். பெயர் தங்கராஜ்.

"கேமராக்காரரு திரும்பச் சொன்னாரு சார். அதுல ஒரு சொகமுமில்ல. போன வருசம் ஒங்கள மாதி ஒருத்தரு வந்து பத்தே நிமிசத்துல எழும்பிப் போய்ட்டாரு, அதாக்கும் அப்படி அனுப்புனோம்." சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "ஒங்க மேடையில சாமி எந்தப் பக்கம் இருக்கும்?"

'முகத்தை மறைக்கிறார்கள்' என்ற வரியை நோட்டில் அடித்துவிட்டு, அவர் கேள்வியை அதன் கீழே எழுதிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

போகிறவர்கள் சித்திரையில் செவ்வாய், வெள்ளிகளில் விசாரித்துவிட்டுப் போங்கள். பதினொரு மணிக்குள் போய்ப் பக்கவாட்டில் இடம் பிடியுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், வெயில் கொளுத்துகிறது. ஆட்டத்தை எடைபோடும் முன், அது யாருக்காக ஆடப்படுகிறது என்று கேட்டுவிடுங்கள்.

அறிக்கையில் இந்தக் குழுவையே எழுதினேன். மேடை வேண்டாம், மைதானத்தில் சாமிக்கு ஒரு பீடம் வைத்து அதைப் பார்த்து ஆடட்டும் என்றும் சேர்த்தேன். அப்படியானால் முன்வரிசை விருந்தினர்களுக்கு முதுகுதானே தெரியும் என்று விழாச் செயலாளர் கேட்டிருந்தார். ஆமாம், தெரியும் என்று பதில் அனுப்பினேன்.