அத்தை அழுத்திய காலிங் பெல்

லேக் மார்க்கெட்டில் எங்கள் ஃப்ளாட்டுக் கொலுவுக்கு ஒரு சட்டம் உண்டு: பாடாதவர்களுக்குச் சுண்டல் கிடையாது. "ஒரு பாட்டு பாடுங்கோ மாமி" என்று கேட்பது ஏழு வயதான என் உத்தியோகம். கேட்காமல் யாரும் பாட மாட்டார்கள். கேட்டாலும், தொண்டை கட்டியிருக்கிறது என்று இரண்டு தடவையாவது பிகு பண்ணிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

அந்த வருஷம் அப்பாவின் அக்கா சென்னையிலிருந்து எங்களோடேயே இருக்க வந்துவிட்டாள். இருபது வருஷம் நாடக மேடையில் பாடி நடித்தவள். நாலைந்து சினிமாவிலும் பாடி ஆடியிருக்கிறாள். நாடகக் குழு கலைந்தது, சினிமாக்காரர்களும் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கல்யாணம் ஆகவில்லை. வருகிறவர்களிடம் அம்மா, "இவரோட அக்கா, மெட்ராஸ்ல இருந்தா" என்பதோடு முடித்துக்கொள்வாள். மிச்சத்தைச் சொல்ல நான் வாயெடுத்தால் தொடையில் ஒரு கிள்ளு விழும்.

கொலு நாட்களில் தினமும் சாயங்காலம் அத்தை பட்டுப்புடவை கட்டி, வெந்நீர் குடித்துவிட்டு, ஜமக்காள ஓரத்தில் உட்காருவாள். பக்கத்து ஃப்ளாட் பெங்காலி மாமியான மாஷிமாகூடத் தன் பாஷையில் ஒரு பாட்டைப் பாதி மறந்துபோய்ப் பாடிக் கைதட்டல் வாங்கினாள். அத்தனை பெண்கள் நடுவே அத்தை மாதிரித் தனியாக இருந்த ஒருத்தியை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, என்னை மட்டும் பாடச் சொல்லவே மாட்டேங்கறே?"

"நீ நம்மாத்து மனுஷி அத்தை. வெளியிலேர்ந்து வரவாதான் பாடணும்."

"ஓகோ, அப்படியா!" என்று சிரித்தாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம், கூடம் நிறைய மாமிகள். காலிங் பெல் அடித்தது. ஓடிப்போய்த் திறந்தேன். அத்தை! எப்போது வெளியே போனாளோ, தலைநிறையப் பூவோடு வாசலில் நின்றாள்.

"கொலு பார்க்க வந்திருக்கேன். உள்ளே வரலாமா?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துவந்து, ஜமக்காளத்தின் நடுவில் உட்கார்த்தினேன். "ஒரு பாட்டு பாடுங்கோ மாமி" என்றேன், விளையாட்டாக.

"தொண்டை கட்டிண்டிருக்கேடி" என்றாள் அத்தை, முறைப்படி. முதுகை நிமிர்த்திக்கொண்டு, கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தாள்.

மறுபடி கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா என் கையில் சுண்டல் பொட்டலத்தைத் திணித்தாள். "பாவம், தொண்டை சரியில்லைங்கறாளே! அத்தைக்குச் சுண்டலைக் குடு."

கொடுத்தேன். அத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தெருமுனைப் பூஜைப் பந்தலில் தாக் மேளம் முழங்க ஆரம்பித்தது.

பாடாமலே எங்கள் வீட்டில் சுண்டல் வாங்கிய ஒரே ஆள் அத்தைதான். என்ன அதிர்ஷ்டம் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பொறாமை.