மண்டி ஏலமும் மஞ்சள் பொன்னாடையும்

மாரண்டஹள்ளியில் பிள்ளைகளுக்கான திறமைப் போட்டி. நடுவர்கள் நானும் ஒரு நர்சம்மாவும். அவருக்கு ஒல்லியான உடம்பு, நரைத்த பின்னல். ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொள்வார்.

தொடங்கும் முன்பே விழாக் கமிட்டித் தலைவர் பொன்னாடைகளோடு வந்தார். நான் கழுத்தை நீட்டினேன். நர்சம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"முடிவு சொன்னப்புறம் போடுங்க. அப்பவும் போடணும்னு தோணுச்சுன்னா."

"எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"பாக்கட்டுங்க. ஆட வந்த புள்ளைங்களும்தான் பாக்குதுங்க."

தலைவரின் பேத்தி குறையில்லாமல் ஆடினாள். அடுத்து வந்த சிறுமியோ தக்காளி மண்டி ஏலக்காரரைப் போலத் தமிழும் கன்னடமும் கலந்து கூவி, கூட்டத்தையே போட்டி போட்டு விலை கேட்க வைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனாலும் தோளில் கிடந்த பொன்னாடை உறுத்தியது. தலைவரைப் பார்த்தேன்.

"இங்க பாருங்க சார். மேடை அந்தப் பக்கம் இருக்குது," என்றார் நர்சம்மா.

முதல் பரிசு ஏலக்காரிக்கு என்று அறிவித்தோம். தலைவர் எங்கள் பக்கமே வரவில்லை. நர்சம்மா காத்திருக்கவுமில்லை, பாலக்கோடு பஸ்ஸைப் பிடிக்க விறுவிறுவென்று நடந்தார்.

எனக்குப் போர்த்திய பொன்னாடை என்ன நிறம் என்பது மறந்துவிட்டது. அவருக்குப் போடாமல் மேஜையில் கிடந்தது நல்ல மஞ்சள்.