டைட்டு அண்ணனும் கண்ணாடிக் கதவும்

கேபிள்களைச் சேர்த்துக் கட்டுகிற பல்வைத்த பிளாஸ்டிக் பட்டைக்குக் கேபிள் டை என்று பெயர். அதன் வாலை முதலில் விரலால் இழுப்பார். பிறகு பல்லால். அதற்கு மேல் வரமாட்டேன் என்று டை அடம்பிடிக்கும்போதுதான் பின்பாக்கெட்டிலிருந்து கட்டிங் பிளேயர் வெளியே வரும். அதன் வாயால் வாலைக் கவ்வி, முழங்கையை விலாவில் ஊன்றி, மூச்சைப் பிடித்து ஓர் இழுப்பு. கிர்ர்ரென்று கடைசிப் பல்லும் ஏறியதும் ஒரு திருகு. அறுந்த வால் தெறித்து எங்கோ போய் விழும். "இப்ப அசையட்டும் பாக்கலாம்" என்பார், கேபிள்களைப் பார்த்து. அவை அசைவதில்லை. கட்டு விழுந்த இடத்தில் அவற்றுக்கு எறும்பின் இடுப்பு வந்திருக்கும்.

வேலை நடக்கும் கட்டடங்களில் அவருக்கு டைட்டு அண்ணன் என்று பெயர். புதிதாய் வருகிற கொத்தனார்கள் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் நின்று மோந்து பார்ப்பதுண்டு. தேநீரைத் தவிர வேறெதையும் தொடாத மனிதர். அவருடைய போதையெல்லாம் அந்தக் கிர்ர்ரில்தான்.

தொழில் என்னவோ சாதாரணமானதுதான். அலுவலகக் கட்டடத்தில் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கேபிள் வேண்டும். அது மேசையிலிருந்து சுவருக்குள் ஏறி, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஊர்ந்து, மாடியின் கோடியில் இருக்கிற ஒரு சின்ன அறைக்கு வரும். அங்கே ஆளுயர இரும்பு அலமாரி ஒன்று நிற்கும். அதுதான் ரேக். எல்லாக் கேபிள்களும் அங்கே வந்து வரிசையாக முடியவேண்டும். சீலிங்குக்கு மேலே புழுதியில் தவழ்ந்து கேபிள் இழுப்பவர் ஏணி. டைட்டு அண்ணனின் நெடுநாள் கூட்டாளி. ஏணியை விட்டு இறங்கியே பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர். மேலே கேபிள் எப்படிக் கிடக்கிறது என்று டைட்டு அண்ணன் ஒரு நாளும் கேட்டதில்லை. "மேல யாரு பாக்கப் போறா? நாலு பேர் பாக்கற இடம் லட்சணமா இருக்கணும்யா." நாலு பேர் பார்க்கிற இடம் ரேக். அதில் ஏணி கை வைக்கக் கூடாது.

ரேக்குக்குக் கம்பிவலைக் கதவு போதும் என்று கட்டடக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். இவர் கடையில் மல்லுக்கட்டி அதைக் கண்ணாடிக் கதவாக மாற்றிக்கொண்டு வந்தார். தினமும் காலையில் சட்டைப்பையிலிருந்து துவைத்த கைக்குட்டையை எடுத்து, கண்ணாடியில் வாயால் ஊதி ஊதித் துடைப்பார். அதே கைக்குட்டையால் தன் முகத்தைத் துடைத்துக்கொள்ளமாட்டார். அதற்குச் சட்டைக் கை இருக்கிறது.

துடைத்து முடித்ததும் ஆள் பிடிக்கக் கிளம்புவார். தேநீர் கொண்டுவருகிற அம்மா, லிஃப்ட்டுக்கு எண்ணெய் போட வந்தவர், வழி தவறி அந்த மாடியில் இறங்கிவிட்ட கூரியர்க்காரர், யாராயிருந்தாலும் விடமாட்டார். "வாங்க, சும்மா வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க." உள்ளே நீலக் கேபிள்கள் மேலிருந்து கீழ்வரை ஒன்றையொன்று தாண்டாமல், எண்ணெய் வைத்து வாரிய தலைபோல இறங்கும். சாண் இறக்கத்துக்கு ஒரு கறுப்பு டை. எல்லா டையின் முடிச்சும் ஒரே பக்கம் பார்க்கும். ஒருநாள் சுவருக்குச் சாயம் அடிக்கிற பெயின்டரைத் தோளைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணே. இது எதுக்கு?" என்று கேட்டார் பெயின்டர்.

"எதுக்கா? பாக்கறதுக்குத்தான்" என்றார் டைட்டு அண்ணன்.

இந்தக் கட்டுக்கோப்பு வேலையிடத்தோடு நின்றிருந்தால் ஊரும் உலகமும் பிழைத்திருக்கும். வீட்டில் துணிக்கொடியைக் கேபிள் டை போட்டுக் கட்டியிருக்கிறார். திரைச்சீலை, விளக்குமாறு, குளிர்ப்பெட்டியின் வயர், குடையின் வயிறு, மீந்த மாவுப் பொட்டலத்தின் வாய், எல்லாவற்றுக்கும் டைதான். மகள் பள்ளிக்கூடப் பையின் ஜிப் அறுந்தது என்று சொன்னாள். மறுநாள் பை வகுப்பில் திறக்கவே இல்லை. அவர் மனைவி இடுப்பில் கத்தரிக்கோலைச் செருகிக்கொண்டுதான் சமையலறைக்குள் போகிறார். "இந்த வீட்டுல ஒரு வாய் சர்க்கரை எடுக்கணும்னாலும் எதையாச்சும் அறுத்தாத்தான் உண்டு. என்னைக் கட்டிக்கிட்டது போதாதுன்னு கண்ணுல பட்டதையெல்லாம் கட்டறாருங்க."

அவருக்கு ஒரு தம்பி உண்டு. இரண்டு பேரும் ஒரே முதலாளியிடம் ஒரே சமயத்தில் தொழில் கற்றவர்கள். அண்ணன் தம்பிக்கு வைத்திருக்கும் பெயர் தொளதொளா. தம்பி எதையும் இறுக்குவதில்லை. செருப்பில் சர்ரென்று பிரிகிற வெல்க்ரோ பட்டையைக் கேபிளுக்கு ஒரு சுற்றுச் சுற்றி, அப்படியே விட்டுவிடுவார். "அது ரேக்கா? காக்காக்கூடு. ஒரு நாள் இல்ல ஒரு நாள் அதுல முட்டை இருக்கும் பாரு" என்பார் அண்ணன். முன்பு ஒருமுறை தம்பி வேலை செய்யும் இடத்துக்குப் பார்க்கப் போனவர், பேசிக்கொண்டே பாக்கெட்டிலிருந்து டையை எடுத்து அவர் ரேக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டார். தம்பி கையைப் பிடித்துத் தடுத்தார். "அண்ணே, ஆசையா இருந்தா என் கழுத்துல ஒண்ணு போட்டு இழு. கேபிளை விட்டுடு." அன்றோடு பேச்சு நின்றது. வீட்டுப் பெண்கள் மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

விதி பாருங்கள், இந்தக் கட்டடத்தில் கீழ்மாடி அண்ணனுக்கும் அதற்கு மேல்மாடி தம்பிக்கும் வாய்த்தது. இரண்டும் சோதனைக்குக் கொடுத்த மாடிகள். தேறினால் மிச்ச மாடிகளை இருவரும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் தவறினால் எல்லாம் மற்றவருக்கு. தவறுகிறவர் வேண்டுமானால் தேறியவரிடம் ஆளாகச் சேர்ந்துகொள்ளலாம் என்று கட்டட மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். டைட்டு அண்ணன் சிரிக்கவில்லை. தம்பியிடம் கூலிக்குப் போய் வெல்க்ரோ சுற்றுவதா? வெளியே மட்டும் மார் தட்டிக்கொண்டார். "என் ரேக்கு முன்னாடி அவன் ரேக்கு நிக்குமா? கண்ணாடி வழியா பாத்தாலே சோதிக்க வர்ற மேடம் பாஸ் போட்டுருவாங்க."

மேடம் வந்தார். சோதிக்கிற கம்பெனியின் பொறியாளர். தோளில் ஒரு பை, பைக்குள் இரண்டு கைக்கருவிகள். ஒன்றை மேசைப் பக்கத்தில் சொருகி, இன்னொன்றை ரேக்கில் சொருகிப் பொத்தானை அழுத்தினால், கேபிள் நல்லதென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. கைக்குட்டை போட்டுத் துடைத்த கண்ணாடியை அவர் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்தார், சொருகினார், அழுத்தினார். சிவப்பு.

"மெஷின் சூடாயிருக்கும் மேடம்" என்றார் டைட்டு அண்ணன்.

அடுத்த கேபிள். சிவப்பு. வழியெல்லாம் வெயில், கருவி ஆறட்டும் என்றார். அதற்கடுத்தது சிவப்பு. சாக்கெட் தயாரித்தவனைத் திட்டினார். அப்புறமும் சிவப்பு. கேபிள் கம்பெனியே இப்போதெல்லாம் மோசம் என்றார். இடையில் ஒன்று பச்சை காட்டியபோது, "பாத்தீங்களா!" என்று துள்ளினார். அது ஏணி அவசரத்தில் தனியாகத் தொங்கவிட்டிருந்த கேபிள். கட்டே போடாதது.

மேடம் கருவியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கறுப்பு டையின் அடியில் நகத்தை நுழைக்கப் பார்த்தார். நகம்கூட நுழையவில்லை.

"எதால இழுத்தீங்க சார்?"

"கையாலதான்" என்றார். பின்பாக்கெட்டில் பிளேயர் துருத்திக்கொண்டு நின்றது.

"இதுக்குள்ள கம்பியெல்லாம் ரெண்டு ரெண்டா முறுக்கி இருக்கு. அந்த முறுக்கு குலையாம இருந்தாத்தான் ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குக் கேக்காது. நீங்க நசுக்கி வச்சிருக்கீங்க. பக்கத்து வீட்டுச் சண்டையெல்லாம் இந்த வீட்டுல கேக்குது." கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டார். "எல்லாக் கட்டையும் அறுத்துடுங்க. வெல்க்ரோ சுத்துங்க. கிளம்பறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை வரேன். அப்பவும் சிவப்புன்னா சிவப்புன்னுதான் சொல்லுவேன்."

அவர் மேல்மாடிக்குப் போனார். ஏணி பின்னாலேயே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "தம்பிக்கு எல்லாம் பச்சை அண்ணே. வயல் மாதிரி இருக்கு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது துக்கம்தானா என்பது சந்தேகம்.

டைட்டு அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ரேக்கின் முன்னால் போய் நின்றார். பிறகு கைபேசியை எடுத்து, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, குந்தி உட்கார்ந்து ஒன்று என்று படம் எடுத்தார். அப்புறம்தான் பிளேயரைத் திறந்தார். முதல் டை அறுந்ததும் கேபிள்கள் பொதபொதவென்று ஆளுக்கொரு பக்கம் விலகின. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையை எடுத்தார், கண்ணாடிக்கான கைக்குட்டை என்று நினைவு வந்து, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

தரையெல்லாம் அறுந்த டைகள். வெல்க்ரோவுக்கு எங்கே போவது? கடை தூரம், போய் வருவதற்குள் மேடம் கிளம்பிவிடுவார். கட்டடத்தில் அது இருக்கிற இடம் ஒன்றே ஒன்று.

"நீ போய் வாங்கிட்டு வாய்யா" என்றார் ஏணியிடம்.

"உங்க தம்பி, உங்க பாடு. நான் ஏணி மட்டும்தான் ஏறுவேன். படியெல்லாம் ஏறமாட்டேன்."

படியேறிப் போனார். தம்பியின் ரேக்குக்குக் கதவே இல்லை. கேபிள்கள் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் வந்து நின்றன. அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். தம்பி காலிக் கேபிள் பெட்டியின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, இவ்வளவு தூரம்?"

"சும்மாதான். வெல்க்ரோ இருக்கா?"

"எதுக்கு?"

"செருப்பு பிஞ்சுபோச்சு."

தம்பி குனிந்து அண்ணனின் காலைப் பார்த்தார். கயிறு வைத்த ஷூ. இரட்டை முடிச்சு, இழுத்துக் கட்டியது. தம்பி வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார்.

"எத்தனை செருப்பு?"

டைட்டு அண்ணன் சுவரைப் பார்த்தபடி கையை நீட்டினார். இத்தனை வருஷமாகக் காக்காக்கூடு என்று கேலி செய்த வாய் அவருடையது. தம்பி முன்னால் கை நீட்டி நிற்பது உள்ளுக்குள் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. தம்பி எழுந்து, இடது கையால் மூலையிலிருந்த பெட்டியை அப்படியே தூக்கிக் கொடுத்தார்.

"சுத்தினப்புறம் ஒரு விரல் உள்ள நுழையணும்ணே. நுழையலைன்னா கூப்பிடு, நான் வரேன்."

"தேவையில்லை" என்றார் அண்ணன். பெட்டியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வெல்க்ரோ சுற்றுவது அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. பழக்க தோஷத்தில் ஒவ்வொரு சுற்றிலும் கை தானாக இழுத்தது. ஏணி பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு கட்டிலும் விரலை விட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் விடுங்க அண்ணே" என்றார். ரேக்கில் கை வைக்கக் கிடைத்த முதல் வாய்ப்பு, மனிதர் விடுவதாக இல்லை. நசுங்கினது நசுங்கினதுதான் என்று சில கேபிள்கள் மட்டும் கட்டு அறுந்த பிறகும் எறும்பின் இடுப்போடே நின்றன. அவற்றை ஏணி மேலே ஏறி மறுபடி இழுத்துக் கொடுத்தார். சாயங்காலம் பார்த்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் நிற்பது அசல் தொளதொளா ரேக்.

மேடம் வந்தார். பச்சை. அடுத்தது பச்சை. டைட்டு அண்ணன் கருவியைப் பார்க்கவில்லை, கேபிள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கேபிளும் பச்சை காட்டியதும் மேடம் பையை மாட்டிக்கொண்டார்.

"பாஸ் சார். இப்ப ரொம்ப நல்லா இருக்கு."

"எங்க மேடம் நல்லா இருக்கு?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

பாதி மாடிகள் கிடைத்தன. யாரிடமும் கூலிக்குப் போகவேண்டியதில்லை. ஏணி ஏணியிலிருந்தே குதித்துவிட்டார். வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னபோது மனைவி, "அறுத்தீங்களா? நீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, இடைவிடாமல் சிரித்தார். இவர் போனை வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பெயின்டர் வந்தார், கூட இன்னொருவரோடு.

"அண்ணே, இவரு என் மச்சான். உங்க ரேக்கைப் பத்திச் சொன்னேன், பாத்தே ஆகணும்ங்கறாரு."

டைட்டு அண்ணன் சட்டென்று திரும்பிக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். "இன்னைக்கு ஆகாது. உள்ள மின்சாரம் ஓடுது. கிட்ட வந்தா இழுத்துரும்."

"அன்னைக்குத் தோளைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தீங்களே?"

"அன்னைக்கு ஓடலை. நீங்க கிளம்புங்க. கையில இருக்கற அந்தப் பழைய பேப்பரை மட்டும் குடுத்துட்டுப் போங்க."

தரையில் சாயம் படாமல் இருக்க விரிக்கிற செய்தித்தாள்கள் அவை. அவர்கள் போனதும், சாயம் படாத தாள்களாகப் பார்த்து எடுத்து, கதவின் உள்பக்கம் ஓரம் பிசகாமல் ஒட்டினார். ஒரு விரற்கடைக் கண்ணாடிகூடத் தெரியவில்லை. கதவைச் சாத்தினார். பூட்டினார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு பாக்கெட்டைத் துழாவி, மிஞ்சியிருந்த ஒரு கறுப்பு டையை எடுத்து, கைப்பிடியையும் ரேக்கின் ஓரக் கம்பியையும் சேர்த்துச் சுற்றினார். விரலால் இழுத்தார். பல்லால் இழுத்தார். பின்பாக்கெட்டிலிருந்து பிளேயரை எடுத்து, முழங்கையை விலாவில் ஊன்றி, கடைசிப் பல்லும் கிர்ர்ரென்று ஏறும்வரை இழுத்து, வாலைத் திருகி எறிந்தார்.