தம்பியின் பௌதிகப் படிப்புக்கு மாரியம்மன் காட்டிய வழி

தம்பி கதிரேசனுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் அல்ல. பயத்தில்.

என் பெயர் செல்லம்மா. லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நானும் அம்மாவும் கொழுந்து பறித்தோம். அப்பா காலமாகிவிட்டார். தம்பி பௌதிகம் படிக்க ஆசைப்பட்டான். படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் தங்க வேண்டும், சாப்பிட வேண்டும், உடுப்பும் புத்தகமும் வாங்க வேண்டும். வரிசையாகக் கட்டிய தொழிலாளர் லயத்தில், எங்கள் வீட்டில் விலைபோகக்கூடியது ஒன்றே ஒன்றுதான். என் கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்து வைத்திருந்த நகை.

அதே மாதம் தோட்டத்து ஆபிஸில் ஒரு கிளாக்கர் வேலையும் அவனுக்கு வந்தது. பெரிய கிளாக்கர் ஐயாவே கூப்பிட்டுச் சொன்னார். சம்பளம், தனி வீடு, எல்லாம் உண்டு.

தாய்மாமா சொன்னார்: "படிச்சுட்டு வந்து என்னா செய்யப் போறான்? பிரஜாவுரிமை இல்லாதவனுக்குக் கவர்மெண்டுல யாரு வேல குடுப்பா? கைக்கு வந்தத விட்டுறாதீங்க."

அவர் கெட்டவர் அல்ல. அவர் சொன்னது உண்மை. இந்தியாவிலிருந்து வந்த குடும்பம் என்று எங்களுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை இல்லை; அப்பா இருந்தபோது போட்ட பிரஜாவுரிமை மனுவுக்கு அதுவரை பதில் இல்லை.

தம்பியே என்னிடம் வந்தான். "நான் போகலக்கா. கணக்குப் பாத்துட்டேன். படிக்கிற வருஷமெல்லாம் கிளாக்கர் சம்பளம் போயிரும். பட்டம் வாங்குன பொறகு அத ஈடுகட்ட இன்னும் பல வருஷமாகும். அதுவும் வேல கெடச்சாத்தான்."

"கணக்க விடுடா. ஒனக்கு ஆச இல்லையா?"

அவன் சொன்னான்: "ரயிலு நம்மளத் தாண்டிப் போறப்ப ஊதுற சத்தம் ஏன் எறங்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டேங்கா. அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல. இன்னும் எவ்வளவோ இருக்கு." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

என் மனம் உடைந்துபோனது. நகையைக் கொடுக்க எனக்குச் சம்மதம்தான். ஆனால் மஸ்கெலியா ஃபேக்டரியில் வேலை செய்த இராமையாவுக்கு என்னைப் பேசி முடித்திருந்தார்கள். நகை இல்லை என்றால் அவர்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்? எனக்கும் அவரைக் கட்டிக்கொள்ள ஆசை இருந்தது. அதை யாரிடம் சொல்வேன்?

அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும், மழைக்குப் போர்த்திய நனைந்த கொங்காணியோடு அப்படியே எங்கள் மாரியம்மன் முன்னால் போய் நின்றேன். "அம்மா, எது நல்லதுன்னு எனக்குத் தெரியல. இது வேணும், அது வேணும்னு கேக்கல. வழிய நீயே காட்டு." அவ்வளவுதான் கேட்டேன். அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். எட்டிப் பார்த்தால் இராமையாவின் அம்மா. மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் வந்து பஸ் மாறி, தனியாக வந்திருந்தார். சம்பந்தத்தை முறித்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, ஹட்டன் பஜாரில் மாமா இராமையாவைக் கண்டு எல்லாவற்றையும் சொல்லிப் புலம்பியிருக்கிறார்.

பால் விடாத சாயத்தண்ணித் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு அவர் என் அம்மாவிடம் சொன்னார்: "மதினி, நகைய வித்துத் தம்பியப் படிக்க வைங்க. எங்களுக்கு மஞ்சக்கயிறு போதும். 'நான் காத்துக்கிட்டு இருக்குறது செல்லம்மாவுக்கு, நகைக்கு இல்ல'ன்னு எம்மவன் சொல்லிட்டான்."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் லயத்துக்குப் பின்னால் ஓடிப்போய் நின்று அழுதேன்.

தை மாதம் மஞ்சள் கயிற்றோடு என் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்பே தம்பி கொழும்புக்குப் போயிருந்தான். என் வீட்டுக்காரரும் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மச்சானுக்கு அனுப்பினார்.

தம்பி பட்டம் வாங்கி வந்தான். ஆனால் வேலை கிடைக்கவில்லை. மாமா பயந்தபடியே பிரஜாவுரிமை குறுக்கே நின்றது. கிளாக்கர் வேலைக்கும் எப்போதோ வேறு ஆள் வந்துவிட்டார். தம்பி ஹட்டனில் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்து நாளை ஓட்டினான். மாமா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அரிசி வாங்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். நான்தான் அம்மனிடம் சண்டை போட்டேன். "நீதானே வழி காட்டுன? பாதியில விட்டா எப்படி?" என்று கேட்டேன்.

அவள் விடவில்லை. அடுத்த வருஷம் அப்பாவின் மனு விசாரணைக்கு வந்தது. எங்கள் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. பிறகு தம்பிக்கு அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பௌதிக ஆசிரியர் வேலையும் கிடைத்தது.

சம்பளம் கிளாக்கர் சம்பளத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தம்பி அன்று போட்ட கணக்கு தப்பில்லை. ஆனால் அம்மா இப்போது மழையில் மலை ஏறுவதில்லை; லிந்துலையில் அவனோடு சின்ன வாடகை வீட்டில் இருக்கிறார். லயத்துப் பிள்ளைகள் அவன் வகுப்பில் பௌதிகம் படிக்கிறார்கள். பாடம் நடத்திவிட்டு வரும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு எந்தச் சம்பளத்தை ஈடு சொல்வது?

மாரியம்மாவை நம்பியிருக்கும் என் உடன்பிறப்புகளே, உங்கள் பிள்ளைக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், அது பாவமில்லை. கணக்கு முட்டிக்கொண்டு நிற்கும்போது அவளைக் கூப்பிடுங்கள். யார் உருவில் வருவாள் என்று சொல்ல முடியாது. எனக்கு அவள் மாமியாராக வந்தாள்.