தேங்காய் எண்ணெய் மணக்கும் கார்

ஜேர்மனியின் டோர்ட்மண்டில் நடந்த பழைய கார்க் கண்காட்சியில், ஐம்பதுகளில் செய்த ஒரு மெர்சிடிஸ் கூபேயின் முன்னால், 'உரிமையாளரைத் தவிர வேறு எவர் கையும் படாதது' என்று பலகை வைத்திருந்தார்கள். திறந்திருந்த கதவுக்குள் குனிந்தேன். காறிய தேங்காய் எண்ணெய் மணந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கண்காட்சி நடந்த அதே இடத்தில்தான் என் சின்ன வயதில் எங்கள் குடியிருப்பின் கராஜ் வரிசை இருந்தது. சனிக்கிழமைதோறும் தகரக் கதவு கிறீச்சிட்டு மேலே போக, பெற்றோலும் ஈரச் சீமெந்தும் மணக்கும் அந்த இருட்டுக்குள், நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரருடைய இந்தக் காரில் அம்மா கோயிலுக்குள் போவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, என் தலைக்கு வைக்கும் அதே எண்ணெயைத் துணியில் தொட்டுத் தொட்டு, சிவப்புத் தோல் இருக்கையின் தையல் தையலாகத் தேய்ப்பார். "தோல் எண்டா எண்ணெய் கேக்கும்," என்பார். நான் வெளியே நிற்கவேண்டும், ஏறக்கூடாது.

பக்கத்தில் நின்ற சொந்தக்காரரின் மகனிடம் இதைச் சொன்னேன். "அப்பா ஒருவரையும் தொட விட்டதில்லை," என்று சிரித்தான்.

அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் எடுத்து, பலகையில் இருந்ததைச் சொல்லிக் கத்தினேன். அம்மா கேட்டது இதுதான்:

"சீற் வெடிச்சுப்போச்சோ, பிள்ளை?"

"இல்லையம்மா. ஒரு வெடிப்பும் இல்லை."

"அப்ப சரி," என்றார், நிம்மதியாக.

நான் சப்பாத்தைக் கழற்றாமல் ஏறி, அந்தச் சிவப்பு இருக்கையில் உட்கார்ந்து, கதவை அடித்துச் சாத்தினேன்.