மாமன் இல்லாத காதுகுத்து

சடையன் தன் பெயரை வெட்டச் சொல்லிக் கேகாலைக்கு வந்த அன்று என் தகப்பனார் முதலில் நம்பவில்லை. அரசாங்கம் அபினி கொடுக்கும் டிஸ்பென்சரியில் அவர் கிளாக்கராக இருந்தார். புத்தகத்தில் பெயர் பதிந்தவர்களுக்கு மட்டுமே அங்கே அபினி அளந்து கொடுப்பார்கள். புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திப் பதினைந்து வருடமாகியிருந்தது. ஆள் செத்தால்தான் ஒரு பெயர் குறையும்.

“வெட்டினால் திரும்ப எழுதேலாது, தெரியுமோ? பிறகு வந்து காலிலை விழுந்தாலும் சரிவராது.”

“விழ மாட்டேங்க ஐயா. எட்டு மாசமா கொறச்சுக் கொறச்சு, போன மாசம் கடுகளவுதாங்க. இப்ப அதுவும் இல்ல.”

வரிசையில் நின்ற ஒருவன், “அப்ப ஒன் பங்க எனக்கு எழுதச் சொல்லு சடையா, புண்ணியமாப் போகும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சடையனும் சிரித்தார்.

வெட்டச் சொன்னது அவருடைய மகள் மருதாயி. அரநாயக்கப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பிள்ளை பிறந்த செய்தியோடு ஒரு சொல்லும் அனுப்பியிருந்தாள்: “அந்தப் புஸ்தகத்துல அப்பா பேரு இருக்கிறவரைக்கும் என் வாசல மிதிக்க வேணாம்.”

அந்த எட்டு மாதமும் சடையனுக்கு எலும்புக்குள் எறும்பு ஊர்வதுபோல இருந்ததாம். மூக்கும் கண்ணும் ஒழுகும், வயிறு நிற்காது. “இன்னிக்கு வேலைக்கு வந்தது சடையனா, சடையனோட பேயா?” என்று கங்காணி கேட்பார். இவர் சுக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு மலையேறுவார். பேரனை ஒருமுறை மடியில் வைக்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மருதாயி சொன்ன சொல் தவறவில்லை. பெயர் வெட்டியதற்குத் தகப்பனார் எழுதிக் கொடுத்த கடுதாசியைக் கணக்கப்பிள்ளை வாசித்துச் சொன்னதும் “உள்ள வாங்கப்பா” என்றாள். சோறு போட்டாள். பிள்ளைக்குக் காது குத்த நாள் பார்த்திருப்பதாகச் சொன்னாள்.

சடையன் அழைத்ததால் தகப்பனாரும் நானும் போயிருந்தோம். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் முற்றத்தில் பலகை போட்டிருந்தார்கள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு, “தாய்மாமன் யாரு? வந்து உக்காருங்க” என்றார். பிள்ளைக்கு மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவது.

மருதாயியின் புருஷன் வீட்டுக் கிழவி ஒருத்தி வெற்றிலையைத் துப்பிவிட்டு, “மாமனுக்கு எங்க போறது? இருந்த ஒத்தத் தம்பியத் தூளியில போட்டுட்டு வெளையாடப் போனவதான நம்ம மருமக!” என்றாள்.

மருதாயி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒன்பது வயதிலிருந்து அவள் கேட்டுவரும் பேச்சு அது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, “அப்பா, நீங்க உக்காருங்க. மாமன் மடிக்குப் பதிலா ஒங்க மடி” என்றாள்.

சடையன் பலகையில் உட்கார்ந்தார். மடிக்கு வந்த பிள்ளை அவருடைய துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தது. அதன் தலையில் கையை வைத்தவர், உடனே எடுத்துக்கொண்டார்.

“ஆசாரி, கொஞ்சம் பொறுங்க. இவ வெளையாடப் போகல. நாந்தான் தண்ணிக்கு அனுப்பிச்சேன். இவ அம்மா வெள்ளையம்மா ரப்பர் பால் வெட்டப் போயிருந்தா. எனக்குக் காச்சல். பய அழுதான். அழுகை நிக்கட்டும்னு அபினிய வெரல்ல தொட்டு நாக்குல வச்சேன். நானும் தின்னுட்டுத் தூங்கிட்டேன். முழிச்சப்ப சில்லுனு கெடந்தான். தூளித்துணி சுத்திக்கிச்சு, இவ பாத்துக்கலன்னு ஊருக்குச் சொன்னது நாந்தான்.”

அழும் பிள்ளைக்கு அபினி தொட்டு வைக்காத வீடு அந்த லயங்களில் குறைவு. அங்கிருந்த பெண்களில் சிலர் தங்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

“அம்மாவுக்குத் தெரியுமா?” என்று மருதாயி கேட்டாள்.

“இல்ல.”

“அம்மா சாகுறப்ப நான் வாயில தண்ணி ஊத்த வந்தேன். ‘புள்ளயக் கொன்ன கை’ன்னு தட்டிவிட்டுச்சு. நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?”

“இருந்தேன்.”

“அப்பக்கூட ஒங்களுக்கு வாய் வரலையாப்பா?”

அவள் குனிந்து பிள்ளையைத் தூக்கினாள். அது துண்டை விடவில்லை. விரல் விரலாக விடுவித்தாள். பிறகு தானே பலகையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு, “குத்துங்க” என்றாள். ஆசாரி வழக்கத்தை நினைத்துத் தயங்கினார். “நான்தான் குத்தச் சொல்றேன்ல!” என்றாள். குத்தினார். பிள்ளை வீறிட்டது.

சாப்பிடாமல் சடையன் கிளம்பினார். கூப்பிட ஒருவரும் போகவில்லை.

அதற்குப் பின்னும் ஏழு வருடம் இருந்தார். அபினியைத் தொடவே இல்லை. தீபாவளிக்குத் தீபாவளி மருமகன் வந்து வேட்டி கொடுத்துவிட்டுப் போவான். மருதாயி வரவில்லை, பிள்ளையை அனுப்பவும் இல்லை.

காதுகுத்து நடந்து சில மாதம் கழித்து மருதாயியைக் கேகாலைச் சந்தையில் கண்டேன். அவர் உண்மையைச் சொன்னது நல்லதில்லையா என்று, கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

“நல்லதுதாங்க. இப்ப யாரும் என்னய ஒண்ணும் சொல்றதில்ல” என்றாள். கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். “அவரு சொன்ன ஒடனே, ஓடிப்போய் அம்மாகிட்டச் சொல்லணும்னு காலு எந்திரிச்சிருச்சுங்க. எங்க ஓடுறது?”